காந்தம் அங்கிள் போட்டுத் தீர்த்த சட்டைகள்

இந்தச் சிங்கப்பூர்த் தீவிலேயே மிக மோசமாக உடுத்துகிற ஆள் யார் என்று ஒரு போட்டி வைத்தால், எங்கள் காந்தம் அங்கிளுக்கு எதிராகப் பெயர் கொடுக்க ஒருவரும் முன்வர மாட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழுப்பு நிற டிரைவர் ஜாக்கெட்டில் வருவார். வெளியே தார் ரோடு உருகிக்கொண்டிருக்கும், இவர் கழுத்து வரை ஜிப்பை ஏற்றியிருப்பார். அடுத்த வாரம் ஊதா நிறத்தில் பெண்கள் போடும் கார்டிகன். அதற்கடுத்த வாரம் அரைக்கைச் சட்டைமேல் ஜரிகைபோல் மின்னும் தங்க நிற டை. சில சட்டைகளில் இரண்டு பேர் குடியிருக்கலாம். சில சட்டைகளின் பட்டன்கள் அவர் தொப்பையோடு உயிருக்குப் போராடும்.

இத்தனைக்கும் மனிதர் ஏழையல்ல. துறைமுகத்தில் கணக்கராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கண்ணும் நன்றாகத் தெரியும். அப்புறம் ஏன் இந்தக் கோலம்? எங்கள் சபையில் இதுபற்றிப் பல ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன. நிறக்குருடு என்றார் பாடகர் குழுத் தலைவி. நேர்த்திக்கடன் என்றார் இன்னொருவர். "அதெல்லாம் இல்ல கிரேஸ், அவரு லிஃப்ட்டுக்குள்ள லைட்டை அணைச்சுட்டு டிரெஸ் மாத்துறாருலா" என்றார் என் கணவர் எட்வின். இதைச் சொன்னவர், பளிச்சென்று கண்ணைக் குத்தும் பச்சை டி-சர்ட்டைக் கல்யாண வீட்டுக்குக்கூடக் கோட்டுக்குள் போட்டுக்கொண்டு போகிறவர். அந்த டி-சர்ட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பெயர்க் காரணம். சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது எங்கள் சபை. ஒரு பக்கம் சேலைக்கடை, மறுபக்கம் சாப்பாட்டுக்கடை. பிரசங்கம் பத்து நிமிடம் நீண்டால் மீன் கறி வாசனை உள்ளே வந்து முடித்துவைத்துவிடும். சில வருடங்களுக்கு முன் எங்கள் பாஸ்டர் ஓர் ஊழியத்தைத் தொடங்கினார். 'எளிய அடக்கம்' என்று பெயர். பாலிஷ் போடாத வெறும் மரப்பெட்டி, உடம்பு கெடாமலிருக்க மருந்து ஏற்றுவது கிடையாது, பருத்தித் துணி, நேராக மண். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தைத் தனியே விட்டுவிடாமல் போய்ப் பார்த்துவர ஓர் ஆறுதல் குழு.

அறிவிப்பு வந்த அன்று சபையில் ஒரே சலசலப்பு. "வார்னிஷ் இல்லாத பெட்டியா? பாக்குறவங்க என்ன நெனப்பாங்க?" என்று கேட்டார்கள். சிங்கப்பூரில் வீட்டுக்குத் தொண்ணூற்றொன்பது வருடக் குத்தகை, குழிக்குப் பதினைந்து வருடம். அதற்குப் பிறகு தோண்டி எடுத்துவிடுவார்கள். அந்தப் பதினைந்து வருடத்துக்கு வார்னிஷ் இல்லாமல் எப்படி இருப்பது என்பதுதான் நம் மக்களின் கவலை.

அப்போது கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தவர்தான் இந்த அங்கிள். "மக்காத எதுவும் உள்ள போகக் கூடாது. அதை நான் பாத்துக்குறேன் பாஸ்டர்" என்றார். யாரும் அவரை நியமிக்கவில்லை. அடுத்த அடக்கத்துக்கு ஒரு கைக்குள் அடங்கும் காந்தத்தை நீலத் துணிப்பட்டை ஒன்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். பெட்டியை ஒரு முறை வலம் வருவார், ஆணி ஏதாவது இருக்கிறதா என்று தடவுவார். மரமுளைதான் அடித்திருக்க வேண்டும். அப்புறம் உள்ளே இருப்பவரை. ஊக்கு, ஜிப், பெல்ட், சட்டைக் கொக்கி எதுவும் தப்பாது. அன்றிலிருந்து அவர் பெற்றோர் வைத்த பெயர் ஞானஸ்நானப் பதிவேட்டில் மட்டுமே உயிரோடு இருந்தது.

பொங்கோலில் ஒரு பாட்டியம்மாவின் கொண்டையிலிருந்து அந்தக் காந்தம் இருபத்து மூன்று ஊசிகளை இழுத்ததை நான் கண்ணால் பார்த்தேன். டிக், டிக், டிக் என்று ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொண்டன. மகள் அழுகையை நிறுத்திவிட்டு எண்ண ஆரம்பித்துவிட்டாள்.

"அங்கிள், அம்மாவுக்குக் கொண்டை கலைஞ்சா புடிக்கவே புடிக்காது" என்றாள்.

"கலையாதும்மா. நான் எதுக்கு இருக்கேன்?" என்றவர், பையிலிருந்து வாழைநாரை எடுத்தார். பஃப்ளோ ரோட்டில் பூக்கட்டும் அக்காவிடம் கேட்டு வாங்கி, ஊறவைத்துக் கொண்டு வந்திருந்தார். ஊசி இல்லாமல் கொண்டையை முடிந்து, நாரால் கட்டி, மேலே மல்லிகைச் சரத்தையும் சுற்றிவிட்டார். உயிரோடு இருந்தபோதுகூட அந்தக் கொண்டை அவ்வளவு நேராக இருந்ததில்லை என்று மகளே ஒப்புக்கொண்டாள்.

காந்தம் இரும்புக்கு மட்டும்தான். துணிக்கு வேறு ஆயுதம் வைத்திருந்தார். சிகரெட் பழக்கம் இல்லாத மனிதரின் சட்டைப்பையில் எப்போதும் லைட்டர் இருக்கும். துணியின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிப் பற்றவைப்பார். காகிதம்போல் எரிந்து சாம்பலானால் பருத்தி. சுருண்டு மணிபோல் உருகினால் பாலியஸ்டர். தேக்காவில் துணிக்கடைக்காரர்கள் இவரைத் தூரத்தில் கண்டாலே விலையுயர்ந்த துணிகளை உள்ளே நகர்த்திவிடுவார்கள். மல்லிகைச் சரத்தின் நூலைக்கூடக் கொளுத்திப் பார்த்துத்தான் வாங்குவார். ஒருமுறை நடு ஆராதனையில், முன்வரிசையில் நின்ற பாஸ்டரின் அங்கியிலிருந்து தொங்கிய நூலைச் சந்தேகத்தோடு உருவினார். நல்லவேளை, ஜெபம் முடிந்தபிறகுதான் கொளுத்தினார்.

"உருகுது பாஸ்டர்."

"நான் இன்னும் சாகல அங்கிள்" என்றார் பாஸ்டர்.

"முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்லா" என்றார் இவர்.

நான் அந்த ஆறுதல் குழுவில் சேர்ந்தது சேவை மனப்பான்மையால் அல்ல. குறிப்பு எழுத ஓர் ஆள் தேவைப்பட்டது. பத்திரிகையில் பத்தி எழுதுகிறவள் என்று என் கையில் பேனாவைத் திணித்துவிட்டார்கள். எனக்கும் உள்ளூர ஓர் ஆசை இருந்தது. கிட்டே உட்கார்ந்தாவது அந்த உடைகளின் மர்மத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு நாள் ஊதாக் கார்டிகனைக் காட்டி நேராகவே கேட்டேன்.

"இது எங்க வாங்குனீங்க அங்கிள்?"

"வாங்கலம்மா. இது வேலைக்கு வந்துருக்கு."

"என்ன வேலை?"

"நல்லா கிழியிற வேலை" என்று சொல்லிவிட்டு பிஸ்கட் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். என் குறிப்பேட்டில் அன்று ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டேன்.

இப்போது பச்சை டி-சர்ட்டுக்கு வருகிறேன்.

எட்வின் ஜூரோங்கில் கப்பல் பட்டறை ஒன்றில் டெக்னீஷியன். வாழ்க்கையில் ஒரே ஒரு தரம் அரை மாரத்தான் ஓடினார். ஓடினார் என்று சொல்வது மனைவி என்ற மரியாதைக்காக. பாதிக்குமேல் நடந்தார், தடுப்புக் கம்பிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த நேரத்தில் வந்து சேர்ந்தார். ஆனாலும் முடித்தவர்களுக்குக் கொடுக்கும் டி-சர்ட்டை அவருக்கும் கொடுத்துவிட்டார்கள். நெஞ்சில் பெரிய எழுத்தில் 'ஃபினிஷர்' என்று போட்டிருக்கும். அன்றிலிருந்து மார்க்கெட்டுக்கு அதுதான், தூங்குவதற்கும் அதுதான். "என்னைப் புதைக்கிறப்பவும் இதுலதான் புதைக்கணும், ப்ராமிஸ் பண்ணு" என்று ஒரு நாள் சோபாவில் படுத்துக்கொண்டு கேட்டார். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே சரி என்றேன். அது இவ்வளவு சீக்கிரம் என் வாசலுக்கு வரும் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஐம்பத்தாறு வயதில், வேலை முடிந்து வந்து காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

அவரும் எளிய அடக்கத்துக்குக் கையெழுத்துப் போட்டிருந்தார். ஃபார்மின் அடியில் தன் கையாலேயே 'பச்சை டி-சர்ட்டுடன்' என்று எழுதியிருந்தார். மறுநாள் காலை பூன் லேயில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் பெட்டி வந்து இறங்கியபோது, துவைத்து மடித்த டி-சர்ட்டை எடுத்துக்கொண்டு நான் தயாராக நின்றேன். காந்தம் அங்கிளுக்கு லைட்டர்கூடத் தேவைப்படவில்லை. கழுத்துப்பட்டியைத் திருப்பி லேபிளைப் படித்தார்.

"நூறு பர்சென்ட் பாலியஸ்டர்ம்மா."

"தெரியும் அங்கிள். ஃபார்ம்ல அவரே எழுதியிருக்காரு, பாருங்க."

"அதே ஃபார்ம்ல மேல முதல் வரியும் இருக்கு. மக்காதது எதுவும் கூட வராதுன்னு. அதுக்கும் அவருதான் சைன் பண்ணியிருக்காரு."

"நான் ப்ராமிஸ் பண்ணியிருக்கேன்!"

நான் கத்தியது மேலே நான்கு மாடிக்குக் கேட்டிருக்கும். பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அவருக்கு எந்தப் பக்கம் பேசுவதென்று தெரியாவிட்டால் கண்ணாடி பளபளக்கும். ஒரு டி-சர்ட், அதைப் போட்டு அனுப்பினால் என்ன குடி முழுகிவிடும்? எனக்கு அந்த மனிதரையும் அவர் கழுத்தில் தொங்கிய காந்தத்தையும் சேர்த்துப் பிடித்துத் தள்ள வேண்டும்போல் இருந்தது. அன்று அவர் போட்டிருந்தது யாரோ ஒரு குண்டான ஆளுடைய பூப்போட்ட சட்டை. இவர் எனக்கு உடை பற்றிச் சொல்வதா?

அவர் குரலை உயர்த்தவில்லை. "பதினஞ்சு வருஷம் கழிச்சு இதை நீங்க பாக்கக் கூடாதும்மா" என்றார். "சட்டையை என்கிட்ட குடுங்க. அதுக்கு நான் பொறுப்பு."

அவர் சொன்னது எனக்கு அப்போது புரியவில்லை. மதியம் இரண்டு மணிக்குக் குழிக்கு நேரம் குறித்திருந்தார்கள். சண்டை போட எனக்குத் தெம்பும் இல்லை. டி-சர்ட்டை அவர் கையில் கொடுத்தேன் என்பதைவிட விட்டெறிந்தேன் என்பதே சரி. ஆயுளில் ஒருநாள்கூட ஒழுங்காக வேட்டி கட்டத் தெரியாத எட்வின், வெள்ளைப் பருத்தி வேட்டியில் அமைதியாகப் போய்ச் சேர்ந்தார். வீட்டுக்கு வந்து அழுதேன். அவர் போனதற்குப் பாதி, வாக்குத் தவறியதற்குப் பாதி.

அதோடு குழுக் கூட்டத்துக்குப் போவதை நிறுத்தினேன். பாஸ்டர் போன் செய்தால் எடுப்பேன், பேச மாட்டேன். சுற்றமும் மெல்ல மெல்லக் கலைந்தது. சாப்பாடு கொண்டுவந்தவர்கள் பாத்திரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். நான்காவது சனிக்கிழமை காலை அழைப்புமணி அடித்தது. கதவைத் திறந்தால் வாசலில் பச்சை டி-சர்ட்.

என் உயிர் ஒரு நொடி போய்த் திரும்பியது. டி-சர்ட்டுக்கு மேலே காந்தம் அங்கிளின் தலை இருந்தது. எட்வின் ஒல்லி. அவர் நெஞ்சில் அடக்கமாக நின்ற எழுத்துகள் இவர் வயிற்றில் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தன. கீழே ஒரு விரற்கடை தொப்பை வெளியே எட்டிப் பார்த்தது. வேர்த்து விறுவிறுத்து, கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"ரிப்போர்ட் சொல்ல வந்தேன்ம்மா."

"என்ன ரிப்போர்ட்?"

"சட்டை இன்னைக்கு ஜூரோங் லேக்லேர்ந்து இங்க வரைக்கும் நடந்து வந்துச்சு. நடுவுல ரெண்டு தரம் உக்காந்துச்சு. ஓடலாம்னு பாத்துச்சு, முடியல."

நான் கதவைச் சாத்திவிட்டேன். அவ்வளவு கோபம். ஆனால் சாத்திய கதவுக்குப் பின்னால் நின்று, 'ஓடலாம்னு பாத்துச்சு, முடியல' என்பதை நினைத்துச் சிரிப்பு வந்துவிட்டது. அச்சு அசல் எட்வின்.

அடுத்த சனிக்கிழமையும் வந்தார். கேட் வழியாகத் தண்ணீர் மட்டும் கொடுத்தேன். அவர் வந்த மூன்றாவது சனிக்கிழமை, "எங்க உக்காந்துச்சு?" என்று என்னையறியாமல் கேட்டுவிட்டேன். அந்தக் கேள்வி வாயிலிருந்து விழுந்த பிறகுதான் என் மரமண்டைக்கு எட்டியது. பழுப்பு ஜாக்கெட்டை எங்கே பார்த்திருக்கிறேன்? உட்லண்ட்ஸ் மோசஸ் அண்ணன், பஸ் ஓட்டியவர், ஏசி குளிருக்கு அதைத்தான் போட்டிருப்பார். ஊதாக் கார்டிகன் ரஞ்சிதம் டீச்சருடையது. தங்க டை, எல்லாக் கல்யாணத்திலும் மைக் பிடித்து அறுத்த தாவீது அண்ணனுடையது. எல்லோரும் எளிய அடக்கத்தில் போனவர்கள்.

"அங்கிள், உள்ள வாங்க" என்று கேட்டைத் திறந்தேன்.

தேநீரில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டே சொன்னார். பெட்டிக்குள் போகக் கூடாது என்று தான் தடுத்த ஒவ்வொரு துணியையும் தானே போட்டுக் கிழித்துத் தீர்ப்பதாக அந்தந்த வீட்டாருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். "மண்ணுல மக்காது. அப்ப மனுஷன் மேலதானே தேயணும்?" மோசஸ் அண்ணனின் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வாரம் ஒரு நாள் பஸ்ஸில் முன் இருக்கையில் உட்கார்ந்து கடைசி நிறுத்தம் வரை போவார். பிறகு உட்லண்ட்ஸில் அவர் மனைவியிடம் ரிப்போர்ட்: "இன்னைக்கு டிரைவர் சரியில்ல. பிரேக்கை இப்படிப் போடுறதான்னு ஜாக்கெட்டே கோவிச்சுக்கிச்சு." ரஞ்சிதம் டீச்சரின் கார்டிகன் நூலகத்துக்குப் போகும். அங்கே சத்தம் போட்ட இரண்டு பிள்ளைகளை அது அதட்டியதாக டீச்சரின் மகளுக்குச் சொன்னாராம். மகள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு அப்படியே அழுதாளாம்.

"இதை ஏன் அங்கிள் யாருக்கும் சொல்லல? சபையே உங்களைக் கிண்டல் பண்ணுது."

"சொன்னா எல்லாரும் சட்டையை மரியாதையா பாப்பாங்க. மரியாதையா பாத்தா கிழியாதும்மா."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். "அன்னைக்கு பதினஞ்சு வருஷம்னு சொன்னீங்களே?"

அவர் கழுத்திலிருந்த நீலப் பட்டையை விரலில் சுற்றினார். மனைவியைச் சுவா சூ காங் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தபோது, ஆசையாக வாங்கிக் கொடுத்த நீல நைலெக்ஸ் சேலையை உடுத்தி அனுப்பியிருக்கிறார். பதினைந்து வருடம் முடிந்து தோண்டியபோது விடிகாலையில் பக்கத்தில் நின்றிருக்கிறார்.

"அவ இல்லம்மா. கொஞ்சம் எலும்பு. ஆனா சேலை அப்படியே இருந்துச்சு. கலர்கூட மாறல. அலசுனா கடையில வைக்கலாம்." பட்டையை விரலிலிருந்து அவிழ்த்தார். "நான் வாங்குன சேலை இருக்குது, அவ இல்ல. அந்தச் சேலை மேல எனக்கு வந்த கோவம் இன்னும் போகல."

அந்தச் சேலையின் ஓரம்தான் காந்தம் தொங்கிய பட்டை. மற்ற சட்டைகளைக் கிழித்துத் தீர்க்க முடிந்தவருக்கு அது ஒன்றை மட்டும் தீர்க்க முடியவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை நானும் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். ஏரிக்கரையில் டி-சர்ட் முன்னால் போகும், நான் பின்னால். "அங்கிள், எட்வின் இவ்வளவு மெதுவா நடக்க மாட்டாரு" என்பேன். "அவரு தடுப்புக்கம்பியை ஏத்துற நேரத்துக்குத்தானே வந்தாரு? வேகத்தைப் பத்தி நீங்க பேசாதீங்க" என்பார். என் கணவரைக் கிண்டல் செய்ய அந்த வருடம் எனக்குக் கிடைத்த ஒரே துணை அவர்தான். மற்றவர்கள் எட்வின் பெயரைக்கூடத் தாழ்ந்த குரலில்தான் சொன்னார்கள்.

மூன்று வருடம் இப்படி நடந்தோம். டி-சர்ட்டில் அக்குள் பக்கம் ஒரு ஓட்டை விழுந்த நாளை உடுப்பி ஓட்டலில் தோசை தின்று கொண்டாடினோம். போன வருடம் ஒரு சிறிய காய்ச்சலில், யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் காந்தம் அங்கிள் போய்விட்டார். பாஸ்டர் அவருடைய உண்மைப் பெயரை வாசித்தபோது, யாருடைய அடக்கத்துக்கு வந்திருக்கிறோம் என்று பாதிச் சபை குழம்பியது.

பெட்டியைச் சோதிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. காந்தத்தை எடுத்துத் தலையிலிருந்து கால்வரை தடவினேன். வெள்ளைப் பருத்தி வேட்டி, வெள்ளைச் சட்டை, பட்டனுக்குப் பதில் துணி முடிச்சு. எல்லாவற்றையும் முன்னமே தைத்துத் தயாராக வைத்திருந்திருக்கிறார். ஒரு டிக் சத்தம் வராதா, வந்தால் இவரோடு கடைசியாக ஒரு சண்டை போடலாமே என்று மூன்று முறை தடவினேன். ஒரு குண்டூசிகூட இல்லை. நீலப் பட்டையை அவர் கையில் வைத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். "உருகும்மா" என்று எழுந்து உட்கார்ந்துவிடுவார் என்று பயந்து என் கழுத்திலேயே மாட்டிக்கொண்டேன்.

அவர் அலமாரியைத் திறந்தால், ஹேங்கரில் இன்னும் பதினேழு உருப்படிகள் கிழியாமல் தொங்கின. ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய அட்டை. சபையாரிடம் விஷயத்தைச் சொல்லி, ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டேன். அடுத்த ஞாயிறு நீங்கள் எங்கள் சபைக்கு வந்திருக்க வேண்டும். பாடகர் குழுத் தலைவி டிரைவர் ஜாக்கெட்டில் உச்சஸ்தாயியில் பாடினார். பாஸ்டர் ஊதாக் கார்டிகனில் பிரசங்கம் செய்தார், பட்டன் எந்தப் பக்கம் என்று கடைசிவரை அவருக்குப் பிடிபடவில்லை. தங்க டை ஒரு எட்டு வயதுக்காரன் முழங்கால்வரை தொங்கியது. சாப்பாட்டுக்கடைக்காரர் வாசலில் வந்து நின்று, இவர்களுக்கெல்லாம் என்ன ஆயிற்று என்று வாய் பிளந்து பார்த்தார்.

பச்சை டி-சர்ட் என்னிடம் திரும்பி வந்துவிட்டது. சனிக்கிழமைகளில் அதைப் போட்டுக்கொண்டு, ஏரிக்கரையில் ஒரு நடை முடித்து, பூன் லே பஸ் நிலையத்தில் ஒரே பஸ் பிடித்துச் சுவா சூ காங் போகிறேன். இரண்டு குழிக்கும் நடுவே கொஞ்சம் தூரம் இருக்கிறது. முதலில் எட்வினிடம் போகிறேன். கொடுத்த வாக்கை முழுசாகக் காப்பாற்றவில்லை, ஆனாலும் சட்டை வந்திருக்கிறது பாருங்கள் என்று காட்டுகிறேன். அப்புறம் இவரிடம் வந்து புல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறேன்.

"அங்கிள், ரிப்போர்ட். சட்டை இன்னைக்கும் நடந்துச்சு. நடுவுல ஒரு தரம்தான் உக்காந்துச்சு. பக்கத்துல உக்காந்து பிஸ்கட் தட்டை இழுத்துக்க ஆள் இல்லாம, சீக்கிரமே எந்திரிச்சிடுச்சு."